தூணுக்குள் ஓடிய தண்ணீர்

மழை நாட்களில் அந்தத் தூணில் காதை வைத்தால், உள்ளே தண்ணீர் சலசலத்து இறங்குவது கேட்கும். ஈரச் சுண்ணாம்பின் மணம் மூக்கில் ஏற, அதன் குளிர்ந்த வளைவில் கன்னத்தைப் பதித்தபடி, பள்ளி விட்டு வந்ததும் நெடுநேரம் நின்றிருக்கிறேன். எழுபதுகளின் இறுதியில் என் தந்தை ஓசூரில் ஒரு சிறிய வங்கிக் கிளையின் மேலாளர். எங்கள் குடியிருப்பும் அதன் பின்கட்டிலேயே இருந்தது.

வங்கியின் முன்னால் நான்கு வெண்தூண்கள், அவற்றின் உச்சியில் நாங்கள் "முறுக்கு" என்றழைத்த சுருள்கள், அவற்றுக்கு மேல் ஒரு முக்கோண முகப்பு. ஊரார் அதைக் "கம்பத்து பேங்க்" என்றார்கள். பெங்களூரின் வெள்ளைக்காரக் கட்டடங்களைக் கண்டு மயங்கிய ஒரு தானிய வியாபாரி, தன் பழைய கருங்கல் மண்டிக்கு முன்னால் அப்படியொரு முகப்பை ஒட்டவைத்தார் என்பது நான் வளர்ந்த பிறகு அறிந்தது.

பக்கத்து ஊரான தளியிலிருந்து காய்கறியும் பூவும் விற்க வருபவர்கள், படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, முதல் தூணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகே உள்ளே நுழைவார்கள். பாறைகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்த அவர்களுக்குத் தூண் என்றால் ஒற்றைக் கல்தான். "கல்லுங்களா சாமி?" என்று கேட்பார்கள். "கல்லேதாம்மா" என்பார் அப்பா. தண்ணீர்ச் சத்தத்தைப் பற்றி நான் சொன்னபோது மட்டும், "அது நமக்குள்ள இருக்கட்டும், பாப்பா" என்றார். கல்லுக்குள் ஊற்று இருக்கிறதென்றும், அது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியுமென்றும் எண்ணிப் பூரித்துப்போனேன்.

புதிதாக வந்த "பேக்டரி" ஒன்றுக்கு இயந்திரம் ஏற்றிவந்த லாரி, ஒரு காலையில் திரும்ப இடமின்றிப் பின்னோக்கி வந்து முதல் தூணில் மோதியது. வெண்புழுதி அடங்கியபோது தெருவே திரண்டு நின்றது. விரல் பருமனுக்குக் காரை, அதன் பின்னே ஒரு வரிசை வளைந்த செங்கல், நடுவில் வெறும் பொந்து. பொந்துக்குள் துருவேறிய மழைநீர்க் குழாய். கூரையோ இம்மியும் அசையவில்லை. நான் அப்பாவைப் பார்த்தேன். அத்தனை முகங்களிலும் இருந்த திகைப்பு அந்த ஒரு முகத்தில் மட்டும் இல்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கம்பமே பொய்யென்றால் பேங்க் மட்டும் மெய்யா என்ற முணுமுணுப்புடன், உள்ளே நின்றிருந்தவர்களும் வெளியே வந்துவிட்டார்கள். பூ விற்கும் கௌரம்மா கூடையை இறக்கிவைத்தாள்.

"இத்தனை வருஷமா நான் கும்பிட்டது தண்ணிக் கொழாயையா, சாமி?"

யாரோ சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

"கல் இல்லம்மா. எனக்கு முன்னாடியே தெரியும்."

"அப்ப கூரைய எது தாங்குது?"

அவர் தூண்களுக்குப் பின்னாலிருந்த சுவரைக் காட்டினார். அதுதான் மண்டியின் பழைய சுவர், முழுக்கக் கருங்கல் என்றார்.

"அதையும் நீங்கதானே சொல்றீங்க?"

அப்பா இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து, எல்லோரும் பார்க்கச் சுவரைச் சுரண்டத் தொடங்கினார். சட்டையெல்லாம் சுண்ணாம்பு உதிர்ந்தது. உள்ளங்கை அகலத்துக்குக் கரிய கல் தெரிந்ததும், கௌரம்மா விரலை மடக்கி மூன்று முறை தட்டிப் பார்த்தாள். கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. செருப்பைக் கழற்றாமலே உள்ளே போனாள், மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள்.

ஏன் பொய் சொன்னீர்கள் என்று அன்று மாலை கேட்டேன். "முதல்ல கேட்டவங்களுக்கு ஆமான்னுட்டேன். அப்புறம் மாத்திச் சொல்ல வாய் வரல" என்றார். அதற்குப் பிறகு உடைந்த தூணைக் கட்டிப் பூசினார்கள். சுரண்டிய இடத்தை மட்டும், மாற்றலாகிப் போகும்வரை, அப்பா பூசவிடவில்லை.

அப்பாவும் இப்போது இல்லை. சென்ற மாதம் அங்கே போனேன். கம்பத்து பேங்கும் இல்லை, அந்தக் கருங்கல் சுவரும் இல்லை. படி இருந்ததாக நான் கணித்த இடத்தில் மேம்பாலத்தின் தூணொன்று நின்றது. தூறிக்கொண்டிருந்தது. விரலை மடக்கித் தட்டினேன்; கெட்டியாகத்தான் இருந்தது. காதை வைத்தேன், ஒன்றும் கேட்கவில்லை. பாலத்துத் தண்ணீர் வெளிப்புறம் பொருத்திய பிளாஸ்டிக் குழாய் வழியே, ஊரார் கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது.