மாமனாரின் புதுப் பல்லும் நாற்பத்தொரு ‘ச’வும்

என் மாமனாருக்கு விழுப்புரத்தில் பல் கட்டியது என் மனைவியின் ஏற்பாடு. மேல்வரிசை மொத்தமும் போய்ப் பல வருடம் ஆகியும், தன் ஊரான காணையில் மனிதர் கரும்பையும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையையும் தவிர எதையும் விடாமல் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். “நாலு பேரு முன்னாடி சிரிக்க வேணாமா?” என்று மகள் நச்சரித்ததால் ஒப்புக்கொண்டார். பல் வந்த பிறகு சிரிக்காமல் பாட வந்ததுதான் எனக்கு வந்த வினை.

திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே நான் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கிறேன். கூடம் என்பது மரியாதைக்குச் சொல்வது. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டிய பத்துக்குப் பத்து அறை. ஆடியில் ஊர் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது தன் குரல் குழாய் ஸ்பீக்கரில் கேட்க வேண்டும் என்பது மாமாவின் நெடுநாள் ஆசை. பாட்டையும் அவரே எழுதிக்கொண்டு வந்தார். சிங்கம், சூலம், சக்தி, சலங்கை என்று எங்கு பார்த்தாலும் ‘ச’.

பாடினார். சுருதியில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு ‘ச’வுக்கும் காற்று புதுப் பல்லில் மோதி, விசில் வரப்போகிற குக்கர் மாதிரி சீறியது. ஹெட்போனில் கேட்ட எனக்குக் காதில் ஊசி இறங்கியது. குழாய் ஸ்பீக்கர் வேறு, கனத்த சத்தத்தை முழுங்கிவிட்டுக் கூரான சத்தத்தை மட்டும் அடுத்த ஊர்வரை அனுப்புகிற ரகம். இந்தப் பாட்டு அதில் போனால், கூழ் வாங்க வந்த ஜனம் சொம்பைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொள்ளும். மாமா அத்தனை பேருக்கு நடுவில் நின்றுகொண்டிருப்பார்.

பல்லைக் கழற்றிவிட்டுப் பாடுங்கள் என்று சொன்னால் ஒரே வரியில் முடிந்துவிடும் விஷயம். எந்த மருமகன் சொல்வான்? பெண் கொடுத்தவரின் பல்லைப் பற்றி மாப்பிள்ளை வாய் திறப்பது எங்கள் பக்கம் நடக்காத காரியம். கம்ப்யூட்டரிடம் சரணடைந்தேன்.

டீ-எஸ்ஸர் என்று ஒரு மென்பொருள் உண்டு. சீறல் வரும் நொடியில் மட்டும் அந்தக் கூர்மையை அமுக்கிவிட்டு, மற்ற நேரம் சும்மா இருக்கும். சும்மா இருக்க அதற்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அமுக்கினேன். போதவில்லை என்று மேலும் அமுக்கினேன். சாயங்காலம் மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன்.

“வாயில கொழக்கட்டைய வெச்சிக்கினு பாடற மாதிரி கீது மாப்ள. நானா பாடறேன்?”

“நீங்கதான் மாமா.”

அவர் முகம் தொங்கிவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று யார் கேட்டாலும், “காதுல மாட்டிக்கினு உக்காந்துக்கினு இருப்பாரு” என்று சொல்கிற மனிதர் அவர். அவரிடம் முதன்முதலாக என் தொழிலைக் காட்டினேன், அதுவும் கொழுக்கட்டையாகப் போயிற்று.

மறுநாள் மென்பொருளை ஓரங்கட்டிவிட்டுக் கையால் இறங்கினேன். மொத்தம் நாற்பத்தொரு ‘ச’. ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்துக் கொஞ்சமாகத் தணிக்க வேண்டும். மாமா பக்கத்தில் நாற்காலி போட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது இன்னா மாப்ள, அங்கங்க முள்ளு மாதிரி நிக்குது?”

“மைக் கொஞ்சம் பழசு மாமா.”

அவர் நாக்கால் மேல்வரிசையைத் தடவினார். “சிங்கம்” என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். திரும்பவும் சொன்னார். பிறகு, “ஒரு டம்ளர் தண்ணி குடுங்க” என்றார்.

தாகம் என்று நினைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். பல் செட்டைக் கழற்றி அதில் போட்டு, டம்ளரை என் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மைக் முன்னால் போய் நின்றார்.

“போடுங்க. இத மொத நாளே சொல்றதுக்கு இன்னா பேஜாரு உங்களுக்கு?”

ஒரே டேக். அத்தனை ‘ச’வும் மெத்தென்று வந்து இறங்கின. நான் கை வைக்க ஒன்றுமே இல்லை. கண்ணாடி டம்ளருக்குள்ளிருந்து அந்த மேல்வரிசை மட்டும் என்னைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது.

“பாப்பாவுக்கு தெரிய வேணாம்” என்றார், பல்லை மாட்டிக்கொண்டே. மகளை அவர் அப்படித்தான் சொல்வார். “ஆசையா கட்டிவுட்டுச்சி.”

கூழ் ஊற்றும் நாளில் வேப்பமரத்தில் கட்டிய குழாயில் மாமாவின் பாட்டு ஒலித்தது. யாரும் காதைப் பொத்தவில்லை. இரண்டாம் தடவையும் போடச் சொன்னார்கள். என் மனைவி சொம்பும் கையுமாக நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பிடித்தாள்.

“பாத்தீங்களா? பல்லு கட்டுனதுக்கு அப்புறம் அப்பா குரலு எவ்ளோ தெளிவா கீது. இந்த வயசுல எதுக்குன்னு கேட்டீங்களே.”

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் மகளைப் பார்த்து, மேல்வரிசை முழுவதும் தெரியும்படி சிரித்தார். பல் கட்டிய பிறகு அவர் நாலு பேர் முன்னால் சிரித்தது அதுதான் முதல் தடவை.