மூன்றாவது தட்டுக்குக் காத்திருந்த அண்ணன்

பட்டணத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறி வந்து விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கினார்களே, வயதானவர்களுக்கு நினைவிருக்கும். தையல் மிஷின், ஆட்டுக்கல், கூண்டோடு கிளி எல்லாம் பிளாட்பாரத்தில் கிடந்தன. அந்தக் கூட்டம் வந்துகொண்டிருந்த நாட்களில்தான் அண்ணனுடைய தாடை உடைந்தது. அதைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும்.

போன வருடம் அண்ணனுடைய அடக்கத்தன்று ஆளாளுக்குப் பேசினார்கள். இந்திய ஹாக்கி டீமுக்கு ஆடக் கப்பலேறிப் போன இடத்தில் ஒரு வெள்ளைக்காரன் மட்டையால் அடித்துத் தாடையை உடைத்தான் என்றார்கள். பேரப்பிள்ளைகளும் அப்படித்தான் நம்புகிறார்கள். அப்படி இல்லை. உடைந்தது விழுப்புரம் ரயில்வே மைதானத்தில். உடைத்தவன் நான்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல அண்ணன் மகள் எழுதுகிறாள். "வேணாம் சித்தப்பா, இதெல்லாம் எதுக்கு?" என்றாள். எழுதம்மா என்றேன்.

அண்ணன் பிறந்தது கண்டமங்கலத்தில். எங்களுக்கென்று ஒரு குழி நிலம் கிடையாது. அம்மா பிறர் கொல்லையில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்கப் போவாள். அப்பா ரயில் பாதையில் கேங் கூலி. அப்பாவை விழுப்புரத்துக்கு மாற்றியபோது எங்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். கூலி லயனுக்குப் பின்பக்கம் ரயில்வே மைதானம். அங்கே துரைமாரும், சட்டைக்காரர்கள் என்று நாங்கள் சொல்லும் ஆங்கிலோ இந்திய டிரைவர்களும் சாயங்காலம் ஹாக்கி ஆடுவார்கள். சாக்கடையில் விழும் பந்தை எடுத்துக் கொடுப்பது எங்கள் வேலை. அதற்காக அப்பாவிடம் வாங்கிய அடிக்குக் கணக்கில்லை. அப்பா கையை ஓங்கினால் நிறுத்தத் தெரியாது. ஒருநாள் அண்ணன் முதுகில் சாட்டைக் கயிறு அறுந்துபோயிற்று. அடுத்த நாளும் அண்ணன் மைதானத்துக்குப் போனார்.

பனைமட்டையின் அடி வளைந்திருக்கும் அல்லவா, அதை வெட்டித்தான் எங்கள் மட்டை. புல்லி போடுவதை அண்ணன்தான் எனக்குக் கற்றுக் கொடுத்தார். இப்போது அந்த முறை இல்லை என்கிறார்கள். பந்தை நடுவில் வைத்து இருவர் எதிரெதிரே குனிந்து நிற்பார்கள். மட்டையால் தரையில் ஒரு தட்டு, எதிராளி மட்டையில் ஒரு தட்டு. இப்படி மூன்று முறை. மூன்றாவது தட்டு முடிந்ததும் யார் கை முந்துகிறதோ அவனுக்குப் பந்து. நான் சிறியவன், என்னால் அண்ணன் கையை முந்த முடியாது. அழுவேன். அதனால் மூன்றாவது தட்டு முடிந்ததும் அண்ணன் கண்ணிமைக்கும் நேரம் கையை நிறுத்திக் காத்திருப்பார். நான் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுவேன். இது எங்கள் இருவருக்குள் மட்டும் இருந்த பழக்கம். மீசை முளைத்த பிறகும் விடவில்லை.

அண்ணன் ஆட்டத்தைப் பார்த்த ஒரு சட்டைக்கார ரயில் கார்டு அவரை லோகோ ஷெட்டில் கிளீனராகச் சேர்த்துவிட்டார், ரயில்வே டீமிலும் போட்டுக்கொண்டார். வெறுங்காலோடு சென்டர் ஃபார்வர்டு. எனக்கு ரயில்வேயில் இடம் கிடைக்கவில்லை. திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மில்லில் மூட்டை தூக்கப் போனேன். மில் முதலாளிக்கு ஹாக்கிப் பைத்தியம், சொந்தமாக ஒரு டீம் வைத்திருந்தார். என் தோளைப் பார்த்துவிட்டு ஃபுல் பேக்காகப் போட்டார். எனக்கு ஆட்டம் அவ்வளவு வராது. வருகிறவன் முட்டியைப் பார்த்து அடிப்பேன், அதுதான் என் ஆட்டம்.

அந்தக் காலத்தில் விழுப்புரமும் திண்டிவனமும் மோதினால் ஆஸ்பத்திரிக்குச் சொல்லி வைத்துவிட்டுத்தான் ஆடுவார்கள். ஒரு வருடம் எங்கள் கோல்கீப்பருக்குக் காது கிழிந்தது. அடுத்த வருடம் அவர்களில் ஒருவனுக்கு மூன்று விரல் நசுங்கிற்று. பார்க்க வருகிறவர்களே மடியில் கல்லோடு வருவார்கள்.

நான் சொல்லும் அந்த ஆட்டத்துக்குப் பட்டணத்திலிருந்து ஒரு துரை வந்திருந்தார். மாகாண டீமுக்கு ஆள் எடுக்கிறவர். அண்ணனைப் பார்க்கத்தான் வந்தார் என்று ஊர் முழுக்கப் பேச்சு. மில் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"டேய், உங்க அண்ணன் இன்னிக்கு நடந்து வூட்டுக்குப் போவக் கூடாது. போனான்னா, நாளைக்கு நீ மில்லுக்கு வர வேணாம்."

வேலைக்குப் பயந்து அடித்தேன் என்று நான் சொல்லிக்கொள்ளலாம். அது பொய். எனக்கு உள்ளே வெந்துகொண்டிருந்தது. அவருக்கு ரயில்வே, அவருக்குத் துரை, அவருக்குப் பட்டணம், எனக்கு மூட்டை. முதலாளி சொன்னது எனக்கு ஒரு சாக்கு.

ஆட்டம் முடியச் சற்று முன்னால் அண்ணன் பந்தோடு வந்தார். கோலுக்கு முன்னால் அவர் காலை வாரிவிட்டேன். முழங்கை தேய விழுந்தார். அப்போதெல்லாம் அப்படித் தப்பு செய்தால் பெனால்டி புல்லி. தப்பு செய்தவனும் எதிர் டீமில் ஒருவனும் கோலுக்கு முன்னால் தனியாக நின்று புல்லி போட வேண்டும். மற்றவர்கள் தூரமாகப் போய்விட வேண்டும். அதிலும் அவன் தப்பு செய்தால் எதிர் டீமுக்குக் கோல். கூட்டம் கத்திற்று.

"தம்பிக்காரன்டா! அண்ணனையே வாரி வுட்றான் பாரு!"

"இன்னா சோறு துன்றான் இவன்?"

அண்ணன் எழுந்து முழங்கை மண்ணைத் தட்டினார். என் எதிரே குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

"இன்னாடா, காலையில துன்னியா?"

நானும் குனிந்தேன். தரை, மட்டை. தரை, மட்டை. தரை, மட்டை. மூன்றாவது தட்டு முடிந்தது. அண்ணன் கை நின்றது.

துரை பார்த்துக்கொண்டிருக்கிறார், ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது, அந்தப் புல்லியில் அவருடைய பட்டணமே இருக்கிறது. அப்படியும் அவர் கை எனக்காகக் காத்திருந்தது. வேண்டுமென்று செய்தாரா, பழக்கத்தில் தானாக நின்றதா, நான் கடைசிவரை கேட்கவில்லை. நான் பந்தைப் பார்க்கவில்லை. மட்டையை இரண்டு கையாலும் தூக்கிக் குனிந்திருந்த முகத்தில் அடித்தேன். காய்ந்த விறகு பிளக்கிற சத்தம் கேட்டது. நான்கு பல் மண்ணில் விழுந்தது. தாடை ஒரு பக்கமாகத் தொங்கிற்று.

அம்பயராக இருந்த சட்டைக்கார கார்டு விசிலை ஊதிக்கொண்டே ஓடி வந்தார். "கோல்! கோல் குடுத்தாச்சு மேன்! நீ வெளிய போ, ராஸ்கல்!" என்று என் சட்டையைப் பிடித்தார். அண்ணன் எழுந்தார். வாயிலிருந்து இரத்தம் நூலாக ஒழுகிற்று. கார்டின் கையை என் சட்டையிலிருந்து எடுத்துவிட்டார். வேண்டாம் என்று தலையாட்டினார். பந்தைத் தானே எடுத்துவந்து அதே இடத்தில் வைத்தார். என் தோளைப் பிடித்து இழுத்து எதிரே நிறுத்தினார். மட்டையால் தரையைத் தட்டிக் காட்டினார்.

மறுபடியும் தரை, மட்டை என்று மூன்று முறை. அவர் இரத்தம் பந்தின் மேல் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே தட்டினேன். மூன்றாவது தட்டு முடிந்தது எனக்குத் தெரியும். பிறகு பந்து என் முதுகுக்குப் பின்னால் கோல் பலகையில் மோதிய சத்தம்தான் தெரியும். அவர் கை போனதை நான் பார்க்கவே இல்லை.

கோல் விழுந்ததும் கல் பறந்தது. கோல் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். எங்கள் ஆட்களில் இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது, ஒருவனுக்குத் தோள்பட்டை இறங்கிற்று. நான் தண்டவாளத்தை ஒட்டி ஓடினேன். வடக்கே கிளம்பிய கூட்ஸ் வண்டியில் இருந்த ஃபயர்மேன் அண்ணனுடைய கூட்டாளி. கையைக் கொடுத்து ஏற்றினான்.

"ஏறித் தொலைடா. உனக்கோசரம் ஏத்தல. நீ செத்தா அவன்தானே வந்து தூக்கணும்."

துரத்தி வந்தவர்கள் மேல் நிலக்கரிக் கட்டியை வீசிக்கொண்டே வந்தான். திண்டிவனம் வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

அண்ணன் தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். வெகுநாள் பப்பாளி இலைக்காம்புக் குழலில் கேப்பைக் கூழை உறிஞ்சித்தான் உயிர் வாழ்ந்தார். அம்மாவுக்கு அவர் சொல்லி அனுப்பியது, பந்து பட்டுவிட்டது என்று. கம்பியைப் பிரித்த பிறகு ஒருநாள் மத்தியானம் திண்டிவனம் மில்லுக்கு வந்தார். நான் மூட்டையோடு நின்றேன். இறக்கச் சொன்னார். இறக்கினேன். ஒரே குத்து. என் மூக்கு இன்றைக்கும் கோணலாக இருப்பது அதனால்தான்.

"சரியாப் போச்சு. வா, பசிக்குது," என்றார்.

முதலாளி வாசலில் நின்று சிரித்தார். "அண்ணன் தம்பி நல்லா வெளாடுறீங்கப்பா."

அண்ணன் அவரிடம் போனார். அவருடைய கைத்தடியை வாங்கி, முட்டியில் வைத்து ஒடித்து, இரண்டு துண்டையும் அவர் கையிலேயே கொடுத்தார்.

"அடுத்த தபா ஆளு வெச்சி அடிக்காதீங்க மொதலாளி. நீங்களே எறங்கி வெளாடுங்க."

அன்றோடு என் மில் வேலை போயிற்று. என்னையும் கேங் கூலியாகச் சேர்த்துவிட்டது அண்ணன்தான். அம்மாவிடம் உண்மையைச் சொல்லப் போனேன். வாசலிலேயே அண்ணன் தடுத்தார். "வாய மூடுடா. இந்த வூட்ல ஒடைஞ்ச வாயி ஒண்ணு போதும்."

அந்தத் துரை அண்ணனை மறக்கவில்லை. மாகாண டீம், பிறகு ஜப்பான் சண்டை முடிந்ததும் இந்திய டீம், கப்பல், வெளிநாடு, கோப்பை எல்லாம் வந்தது. திரும்பி வந்தபோது விழுப்புரம் ஸ்டேஷனில் மாலை போட்டார்கள். அம்மாவும் நானும் நின்றோம். ஒருவர், "வாய் ஏன் கோணிக்கினு இருக்குது?" என்று கேட்டார். அண்ணன் என்னைப் பார்க்காமலே, "அங்க ஒரு வெள்ளைக்காரன் அடிச்சான்" என்றார். கம்பி கட்டிய காலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் அங்கேயே பத்து பேர் இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு பொய்தான் மிஞ்சிற்று.

அண்ணன் அப்படிச் சொன்னது என்னைக் காப்பாற்ற. குத்தியதும் அவருக்குச் சரியாகப் போயிற்று. எனக்குப் போகவில்லை. அவர் சாப்பிடும்போது ஒரு பக்கமாக மெல்வதைப் பார்த்துக்கொண்டே என் ஆயுசு கழிந்தது. கடைசி நாட்களில் கஞ்சி ஊட்டியவன் நான்தான். வாயின் கோணல் பக்கம் வழியும், துடைப்பேன்.

அண்ணன் படுத்த நாளிலிருந்து இன்றுவரை எங்களுக்குத் துணை நின்றவர்களை மறக்க மாட்டோம். படுக்கையில் அவரைப் புரட்டிப் போட்ட பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், வேளை தவறாமல் ஊசி போட்ட நர்ஸம்மா, மாதா கோயிலில் பூசை வைத்த சாமியார், சவப்பெட்டி சுமந்த ரயில்வே ஆட்கள், எல்லாருக்கும் கும்பிடு.

அண்ணன் நினைவாகப் போடும் இந்த மலரை வாங்கியவர்கள் ஒன்று செய்ய வேண்டும். பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். அண்ணனைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது கோப்பையைச் சொல்லுங்கள், கப்பலைச் சொல்லுங்கள். ஆனால் வெள்ளைக்காரன் என்று சொல்லாதீர்கள். அடித்தது தம்பி என்று சொல்லுங்கள்.