பெண் குரல் வராத டூயட்

என் வலது காது செத்துப்போய்விட்டது என்று நம்பினேன். ஒரு நாள் அல்ல, முழுதாக மூன்று நாள். நம்பவைத்தது டாக்டர் அல்ல. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பாட்டுப் பெட்டி.

கைப்பேசியிலேயே உலகத்துப் பாட்டெல்லாம் கிடைக்கும்போது, பாட்டுக்கென்று தனியாக ஒரு சாமான் வாங்குகிறவனை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். பெர்மாஸ் ஜெயாவில் கடை வைத்திருக்கும் சீனர்கூடப் பிள்ளைக்கு வாங்குகிறேன் என்று நினைத்து, பரீட்சை முடிந்துவிட்டதா என்று விசாரித்தார். எனக்குத்தான் என்றேன். என் நரைத்த மீசையை ஒரு தரம் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார்.

எங்கள் தொழிற்சாலையில் கேமரா உள்ள போனை வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகாவிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சமையல் எண்ணெய் டின்னுக்கு மூடி அடிக்கிற இடத்தில் அப்படி என்ன ராணுவ ரகசியம் இருக்கிறதோ, இத்தனை வருஷத்தில் என் கண்ணில் பட்டதில்லை. போன் இல்லாத ஓய்வு நேரத்தில் பக்கத்தில் இருப்பவன் கதையைக் கேட்டே ஆக வேண்டும். அதற்குப் பயந்துதான் கேமரா இல்லாத, பாட மட்டுமே தெரிந்த இந்தப் பெட்டியை வாங்கினேன்.

வாங்கிய அன்று எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சட்டைப் பையில் போட்டேன், விழுந்துவிடுமோ என்று கால்சட்டைப் பைக்கு மாற்றினேன், உட்கார்ந்தால் நசுங்குமோ என்று மறுபடி சட்டைப் பை. திரையிலும் முதுகிலும் ஓரங்களிலும் மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டியிருந்தது. அதை உரிக்க நான் விடவில்லை. எங்கள் வீட்டு டிவி ரிமோட்டே இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்தான் இருக்கிறது. மகள் தன் கம்ப்யூட்டரிலிருந்து பழைய பாட்டுகளை ஏற்றிக் கொடுத்தாள். கூட வந்த இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். குட்டிப் பெட்டிக்குள் இவ்வளவு பெரிய தபேலாவா என்று ஆச்சரியம். ஒரே ஒரு சங்கதிதான் இடித்தது. டூயட் பாட்டில் ஆண் பாடுகிறார், பெண் பாட வேண்டிய இடத்தில் ஆளைக் காணோம். தூரத்தில் வயலின் மட்டும் தனியாக அழுதுகொண்டிருக்கிறது. ஏதோ கோளாறான பிரதி என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் வேலையிடத்து கேண்டீனில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். என் மெஷினில் உதவிக்கு நிற்கும் பையன், லாபிஸ் ஊர்க்காரன், வந்து வலது பக்கம் உட்கார்ந்தது எனக்குத் தெரியாது. தோளில் தட்டினான்.

"அலமாக், நாலு தடவ கூப்டுட்டேன்ணே. செவுடாயிட்டீங்களா என்ன?"

"பாட்டு கேட்டுக்கிட்டு இருக்கேன்டா."

"கேளுங்க, கேளுங்க. அடுத்த வாரம் காதுக்கு டெஸ்ட் வைக்கிறாங்களாம், போர்டுல ஒட்டிட்டாங்க. அங்க என்னா கேக்குதுன்னு பாப்போம்."

அவன் சிரித்துக்கொண்டே தேத்தண்ணி வாங்கப் போய்விட்டான். எனக்குள் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்தது. வலது பக்கம் இருந்து கூப்பிட்டான், கேட்கவில்லை. பெண் குரல் காணாமல் போனது எந்தப் பக்கம்? ஒவ்வொரு காதிலிருந்தும் இயர்போனை மாற்றி மாற்றிக் கழற்றிப் பார்த்தேன். இடதில் பாட்டு. வலதில் ஒன்றுமே இல்லை, பூட்டிய பள்ளிக்கூடத்தில் ராத்திரி மாதிரி.

நான் பிரஸ் மெஷினில் அச்சு பொருத்துகிற செட்டர். அச்சு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதை அடிக்கிற சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. சத்தத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வருஷா வருஷம் காது சோதனை வைப்பார்கள். தேறாதவனைச் சத்தமில்லாத இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். எங்களிடம் சத்தமில்லாத இடம் ஒன்றே ஒன்றுதான், பேக்கிங். பேக்கிங்குக்கு சூப்பர்வைசர் என் மனைவியின் தம்பி.

அவனை நான் சும்மா விட்டதே இல்லை. தீபாவளிக்கு வந்தாலும் சரி, காது குத்துக்கு வந்தாலும் சரி, "வாங்க பெட்டி மடிக்கிற சார்" என்பேன். அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பின் கீழே போய் நான் வேலை செய்வதா? அன்று அடித்த மூடிகளில் பாதியை நான் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ரகசியமாகச் சோதனைகளை ஆரம்பித்தேன். இடது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வலது காதருகே கடிகாரத்தை வைத்தேன். டிக் டிக் கேட்டது. ஆனால் பஞ்சு வழியாக இடது காதுக்குக் கசிகிறதோ என்று சந்தேகம். இன்னும் பஞ்சு. இன்னும் டிக் டிக். பஞ்சின் தரம் சரியில்லை என்று முடிவு செய்தேன். உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. படுத்தால் எந்தக் காதைத் தலையணையில் வைப்பது என்பதே ஒரு பிரச்சினை. மாடிக்கு ஏறினேன், இறங்கினேன், குளிர்பெட்டியைத் திறந்து அதன் மோட்டாரைக் கேட்டேன்.

மூன்றாம் நாள் மனைவி பொறுமை இழந்துவிட்டாள்.

"என்னங்க, பூன குட்டி போட எடம் தேடுற மாதிரி சுத்திக்கிட்டே இருக்கீங்க?"

சொல்லிவிட்டேன். அவள் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"உங்களுக்கு காது கேக்காதுன்னு எனக்கு கல்யாணம் ஆன மாசமே தெரியும்."

"வெளையாடாத. உன் தம்பிக்குக் கீழ போயிருவேன் போல."

"போனா என்னா? அவன் நல்லா பாத்துக்குவான்."

"அதாண்டி பயம்."

கையைத் துடைத்துக்கொண்டு வந்து பெட்டியை வாங்கினாள். "அந்தப் பக்கத்தத் தூக்கி இந்தப் பக்கம் போட்டுப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. ஒன்றில் இடது என்றும் மற்றதில் வலது என்றும் எழுத்துப் போட்டிருந்தது. கம்பெனிக்காரன் யோசிக்காமலா போட்டிருப்பான் என்று நான் அதை மீறவே இல்லை. அவள் மாற்றிப் போட்டாள். வலது காதில் ஆண் குரல் கணீரென்று வந்தது. இடது காது செத்துக் கிடந்தது.

"ஐயோ, இப்ப இடதும் போச்சு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. பெட்டியைத் திருப்பினாள். வயர் செருகும் துளையின் வாயில் அந்த மெல்லிய பிளாஸ்டிக் பாதி மூடியிருந்தது. செருகி முழுதாக உள்ளே போகாமல் நின்றிருந்தது. நகத்தால் ஒரு இழுப்பு, கட்டை விரலால் ஒரு அழுத்து. டக் என்றது. அடுத்த கணம் அந்தப் பெண்மணி, இத்தனை நாள் எங்கே போயிருந்தேன் என்று சொல்லாமலே, இரண்டாவது சரணத்தை எடுத்துப் பாட ஆரம்பித்தார்.

"பிளாஸ்டிக்க உரிச்சிட்டேன். அழுவாதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் கீரைக்குப் போனாள்.

இதோடு நான் அமைதியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஒரு பயம் போன இடத்தில் இன்னொன்று குந்திக்கொண்டது. பெட்டி சரி, காதும் சரி, ஆனால் சோதனை அன்று பதற்றத்தில் தப்பும் தவறுமாகச் செய்துவிட்டால்? ஒரு பாட்டையும் முழுதாகக் கேட்க முடியவில்லை. பாட்டு பாதி ஓடும்போதே அடுத்ததற்குத் தள்ளிவிடுவேன். இரண்டு பக்கமும் வருகிறதா என்று பார்ப்பதே வேலையாகிவிட்டது. மகள் ஏற்றிக் கொடுத்த பாட்டுகள் அத்தனைக்கும் தொடக்கம் எனக்கு மனப்பாடம், முடிவு எதற்கும் தெரியாது.

சோதனை நாளில் தொழிற்சாலை வளாகத்துக்குள் ஒரு வேன் வந்து நின்றது. உள்ளே கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை. ஒரு மலாய்ப் பெண் என் தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்தச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். நான் அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன். எந்தச் சத்தத்தையும் தவறவிடக் கூடாது அல்லவா. கதவு திறந்தது.

"அங்கிள், பெலும் மூலா லாகி" என்றாள். இன்னும் ஆரம்பிக்கவே இல்லையாம்.

வெளியே வரிசையில் நின்ற லாபிஸ்காரனுக்கு அது கேட்டுவிட்டது. அவன் காது அபாரம்.

முடிந்ததும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். வலது காது நன்றாக இருக்கிறது, என் வயசுக்கு ரொம்பவே நன்றாக இருக்கிறது. இடதில்தான் மெல்லிய கீச்சொலிகள் விழவில்லை. மெஷினில் நிற்கும்போது காதடைப்பு இரண்டு பக்கமும் போடுகிறேனா என்று கேட்டாள். வலதில் எப்போதும் போடுவேன் என்றேன். இடதில் போட்டால் அச்சின் சத்தம் தெரியாது, அதனால் கழற்றிவிடுவேன் என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே எதையோ தட்டினாள்.

சில மாதம் கழித்து மறுபடி சோதித்தார்கள். இடது காது அப்படியேதான் இருந்தது. இப்போது பேக்கிங்கில் வேலை செய்கிறேன். ஓவர்டைம் வேண்டுமென்றால் மச்சானிடம்தான் கேட்க வேண்டும்.