கண் மூடாத ஜெபம்

ராஜபாளையத்தில் எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்துக்கு நான்தான் தலைவி. இன்று ஜெபிக்க எழுந்ததும் மைக் கீச்சென்று அலறியது. அந்தச் சத்தம் என்னை எட்டு வயதுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் சபையின் வேர்வை நாறும் பாய்க்கு இழுத்துப் போனது.

அந்த வாரம் அப்பா போதகரிடம், "ஐயா, மம்சாபுரத்துல சீக்காக் கெடக்கவியள ஒருக்காவாவது பாக்க வரணும்" என்று கேட்டிருந்தார். ஞாயிறன்று போதகர் மைக்கில், "ஆண்டவரே, உமது ஊழியக்காரனை எதிர்க்கும் பெருமையுள்ள இருதயத்தை உடைத்தருளும்" என்று உருகினார். நான் கண்ணைத் திறந்தேன். அவர் கண்ணும் திறந்திருந்தது, அப்பாவின் மேல். அப்பாவோ கண்ணை இறுக மூடி, எல்லாரையும்விடச் சத்தமாக "ஆமென்" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "ஏட்டி, ஜெபத்துல நீ ஏன் கண்ணத் தொறந்த?" என்று அப்பா என்னைத்தான் வைதார்.

இவ்வளவும் நினைவிருந்தும், இன்று மைக்கில் "கீழ்ப்படியாத இருதயங்களை உடைத்தருளும், ஆண்டவரே" என்றேன். போன கூட்டத்தில் என்னைக் கேள்வி கேட்ட ஸ்டெல்லா, கண்களை மூடியபடி "ஆமென்" என்றாள். எனக்கு எப்படித் தெரியும்? என் கண் திறந்திருந்தது. பக்கத்தில் இருந்த அவள் மகளின் கண்ணும்.