ஏழு மணிக்கு அடித்த போன்

போன வாரம் துணி காயப்போட மாடிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, வெளிநாட்டிலிருந்து என் மகள் கூப்பிட்டிருக்கிறாள். கீழே வந்தால் போன் முழுக்க மிஸ்டு கால். அது போதாதென்று பக்கத்து வீட்டு மலையாளக்காரி மூச்சு வாங்க வாசலில் நிற்கிறாள். "சேச்சீ, உயிரோட உண்டா? உங்க மோள் அங்க கெடந்து அழுது கரையுது." கால்மணி நேரம் எடுக்காவிட்டால் செத்துப்போனதாக வைத்துக்கொள்கிற காலம் இது. உங்களுக்கும் நடந்திருக்கும். சிரித்துவிட்டு உள்ளே வந்தேன், ஆனால் பழைய மணிச்சத்தம் ஒன்று காதில் அடிக்கத் தொடங்கிவிட்டது.

பாறசாலைப் பக்கம் எங்கள் வீட்டு முன்னறையில் கொடி கட்டி ரப்பர் ஷீட் காயப்போட்டிருப்போம். அந்த நாற்றத்துக்கு அடியில்தான் சாயங்கால ஜெபம், ஆண்டவருக்கும் பழகியிருக்கும். ஏழு மணிக்கு சர்ச் மணி அடித்ததும் பாய் விரியும். ஆமென் சொல்லும்வரை யாரும் எழும்பக் கூடாது. அடுப்பில் பால் பொங்கினால் பொங்கட்டும். நான் அப்போது பாலராமபுரத்தில் ஒரு சேலைக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்து அம்மைக்குப் பக்கத்தில் உட்காருவேன்.

அண்ணன் வளைகுடாவில் எலக்ட்ரீஷியன். அங்கே யுத்தம் மூண்டது. அவன் இருந்த ஊரில் குண்டு விழுந்ததாக ரேடியோவில் கேட்டோம். அதன்பிறகு அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அம்மை போன் பக்கத்திலேயே கிடந்தாள். ஆறுதல் சொல்ல வருகிறவர்களைக்கூட, "தூரமா நின்னு பேசுங்கோ, மணி கேக்காது" என்று விரட்டினாள்.

அப்படிப்பட்டவள்தான் அதையும் செய்தாள். ஒரு சாயங்காலம் சபை உபதேசியார் வந்து ஜெபம் பண்ணினார். "ஆண்டவரே, எங்களுக்கு வேற போக்கிடம் இல்ல. கோழி குஞ்ச மூடுகது மாதிரி இந்தப் பிள்ளைய உம்ம செட்டைக்கு அடியில வச்சுக்கிடும்." அந்நேரம் போன் அடித்தது.

உபதேசியார் நிறுத்தவில்லை, குரலைக் கூட்டினார். எழும்பப் போன என் மணிக்கட்டை அம்மை பிடித்துக்கொண்டாள், கண்ணைத் திறக்காமலே. அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. பிடி இறுகியது. இவளும் ஒரு தாயா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அப்புறம்தான் பார்த்தேன், அவள் உடம்பு மொத்தமும் நடுங்கிக்கொண்டிருந்தது. எழும்பி ஓடிவிடாமலிருக்கத்தான் என்னைப் பிடித்திருந்தாள்.

ஆமென் சொன்னபோது போன் அடங்கிவிட்டது. திருப்பிக் கூப்பிட நம்பர் இல்லை. அப்பா தன் பாயைச் சுருட்டிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம்தான் மறுபடி அடித்தது. அண்ணன். எல்லை தாண்டி வந்துவிட்டானாம். அம்மை ரிசீவரை என் காதோடும் சேர்த்துப் பிடித்தாள்.

"எலே மக்கா, நேத்து விளிச்சது நீயாலே?"

"நானாக்கும்."

"எடுக்காம இருந்துட்டேனே மக்கா..." அம்மை உடைந்துவிட்டாள்.

"கரையாதம்மா. ரெண்டாவதும் எடுக்கல்லன்ன உடன வாச்சப் பாத்தேன். நம்ம ஊருல ஏழு மணி கழிஞ்சு. ஓ, எல்லாரும் பாயில இருக்காவ, எனக்க பேரத்தான் சொல்லுவாவன்னு நெனச்சேன். பெறவு பேடியும் இல்ல, பயமும் இல்ல. அந்தத் தைரியத்துலதான் லாரியில ஏறினேன்."

அம்மை போய் வருஷங்கள் ஆயிற்று. ரப்பர் ஷீட்டும் இல்லை, பாயும் இல்லை. சர்ச் மணி மட்டும் ஏழு மணிக்கு அடிக்கிறது, டிவி சத்தத்தில் பாதிதான் கேட்கிறது.

"ஏழு மணிக்கு எடுக்கல்லன்னா ஜெபத்துல இருக்கேன்னு நெனச்சுக்கோ" என்று மகளிடம் சொல்லி வைத்தேன். "செரிம்மா" என்றாள்.

நேற்று போனை மேசைமேல் தள்ளி வைத்துவிட்டு முழங்கால் போட்டேன். ஆண்டவரே என்று தொடங்கினேன், அடித்தது. அவளாக இருக்காது, கடனட்டைக்காரனாக இருக்கும் என்று கண்ணை இறுக்கிக்கொண்டேன். ஓய்ந்து, மறுபடியும் அடித்தது. என் மணிக்கட்டைப் பிடிக்க ஒரு கை இல்லை. எழும்பிப் போய் எடுத்துவிட்டேன்.