வெளியேறிய நேரம்

ஓமான் நாட்டின் சோஹாரில் ஒரு பல்கலைக்கழக வாசல். நண்பரைப் பார்க்க வந்திருக்கிறேன். விடுமுறை மதியம், ஆள் நடமாட்டமே இல்லை. காவலர் அறைச் சுவரில் ஒரு பச்சைப் பெட்டி. வளாகக் காவலர்கள் மீதான புகார்களை அதில் போடலாம், வெளியாட்கள் குழு மட்டுமே திறக்கும் என்று எழுதியிருக்கிறது.

"யாராவது போடுறாங்களா?"

காவலர் குளச்சல்காரர். சிரிக்கிறார். "கமிட்டி மாசாமாசம் வந்து தொறப்பாங்க சார். எப்பவும் காலிதான். போடணும்னா மொதல்ல எங்க ரிஜிஸ்டர்ல பேரெழுதணும்லா."

ரிஜிஸ்டரைப் புரட்டுகிறேன். 'வந்த காரணம்' கட்டத்தில் ஒரே ஒருவர் 'புகார்' என்று எழுதியிருக்கிறார். போன வருடத் தேதி. அவர் வெளியேறிய நேரம் மட்டும் எழுதப்படவில்லை.

"இவரு?"

"அன்னைக்கு எனக்கு டூட்டி இல்ல சார்," என்று பேனாவை நீட்டுகிறார்.

என் பெயரை எழுதுகிறேன். வெளியேறும் நேரத்தையும் இப்போதே எழுதிவிடுகிறேன்.