எரிந்து அணைய வேண்டிய விளக்கு

காரில் சாவியைத் திருப்பினால், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் மீட்டரின் ஓரத்தில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரியும். உட்கார்ந்திருக்கும் ஆளின் எதிரே பலூன் உப்பியது போன்ற படம். ஐந்தாறு நொடியில் அணைந்துவிடும். அது எரிந்து அணைவதைப் பார்க்காமல் நான் வண்டியை நகர்த்துவதில்லை. பின்னால் எவன் ஹாரன் அடித்தாலும் சரி. ஏழு வருடமாக இந்தப் பைத்தியம். என் மனைவியின் அண்ணன், என் மச்சானிடமிருந்து தொற்றியது.

மச்சான் திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் லாரிகளுக்கு ஒயரிங் வேலை செய்தவர். டிரைவருக்கு முன்னால் ஏதாவது எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்து உயிரை வாங்கினால் அவரிடம்தான் வருவார்கள். கோளாறைத் தேடி வண்டியை இரண்டு நாள் நிறுத்த எந்த முதலாளிக்கு மனசு வரும்? மீட்டரைப் பிரித்து, அந்த விளக்கின் மேல் பச்சை டேப் ஒன்றும் அதன்மேல் கறுப்பு டேப் ஒன்றும் ஒட்டி அனுப்பிவிடுவார். கறுப்பு மட்டும் என்றால் வெளிச்சம் கசியுமாம். இதை யாரும் தப்பென்று நினைத்ததில்லை. நானும்தான்.

அப்போது என் மனைவிக்கு ஏழாம் மாதம். கார் வாங்கியே தீர வேண்டும். எங்கள் சக்திக்குப் புதிதாகக் கிடைத்தது ஆக அடிமட்ட மாடல். பின்கதவுக் கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். அதே விலைக்கு ஒரு பழைய பெரிய கார் வந்தது. தோல் சீட், மோதினால் பலூனாய் உப்பும் ஏர்பேக் ஆறு. மச்சான் பெரிய காரின் கட்சி. சேலம் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே தன் தங்கச்சி தகர டப்பாவிலா போவாள் என்று சண்டைக்கே வந்தார். எனக்கும் ஆசைதான், சும்மா சொல்லக் கூடாது. அந்தக் கதவைச் சாத்தும் சத்தத்திலேயே மயங்கிப் போனேன்.

அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு ஷெட்டில் கார் நின்றது. என் மனைவி முன்சீட்டில் வயிற்றின் மேல் கையை வைத்துச் சாய்ந்துகொண்டாள். மச்சான் லாரியைப் பார்ப்பது போலவே எஞ்சின், டயர், அடிப்பாகம் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியாகச் சாவியைத் திருப்பினார். அணைத்தார். மறுபடி திருப்பினார். மூன்றாவது தடவையும். எரிய வேண்டிய ஒரு விளக்கு எரியவில்லை. பிறகு, விற்பவர் முனக முனக, மீட்டரைக் கழற்றிப் பிரித்தார். உள்ளே ஒரு துண்டு கறுப்பு டேப். நகத்தால் அதன் ஓரத்தைக் கிளப்பினார். அடியில் பச்சை.

மச்சான் மீட்டரைக் கீழே வைத்தார். "கீழ எறங்கு சாமி," என்றார் தங்கச்சியிடம். குரல் அவருடையதாகவே இல்லை.

வெளியே வந்து சொன்னார். மோதிய கார்களில் வெடித்துப்போன ஏர்பேக்கைப் புதிதாகப் போடாமல், வெறும் மூடியை மாட்டிவிடுவார்களாம். அப்புறம் அந்தச் சிவப்பு விளக்கு அணையவே அணையாது. அதை மறைக்கச் சொல்லி மீட்டரை மட்டும் கழற்றி அவரிடம் அனுப்புவார்கள். அப்படி மூன்று மீட்டருக்கு டேப் ஒட்டியிருக்கிறார். இது அதில் ஒன்று.

"எந்த வண்டியோடதுன்னு ஒருதடவகூட நான் கேக்கலீங்க மாப்ள."

ஆறு ஏர்பேக் என்று நாங்கள் பெருமையடித்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அதற்கு நேர் எதிரே என் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

அடிமட்ட மாடலையே வாங்கினோம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போடும் முன்பே மச்சான் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பி அந்த விளக்கைப் பார்த்தார். அதோடு டேப் வேலையை விட்டார். மீதி இரண்டு மீட்டர் எந்தக் கார்களில் ஓடுகிறதோ என்ற பயம் மட்டும் அவரை விடவில்லை. வழியில் நிற்கும் கார்க்காரர்களிடமெல்லாம் சாவியைப் போட்டுக் காட்டச் சொல்வார். கிறுக்கு என்று சிரிப்பார்கள். இரண்டு வருடம் முன்பு மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அந்த இரண்டும் கிடைக்கவே இல்லை.

போன வாரம் என் மகளின் தோழியும் அவள் அப்பாவும் காரில் வந்தார்கள். நாமக்கல் வரை பிள்ளையைக் கூட்டிப் போய் வருகிறேன் என்றார் அவர். பெரிய கார், பழசு, இப்போதுதான் வாங்கினாராம். மகள் ஏறிவிட்டாள். கூச்சத்தை விட்டு, "சாவிய ஒருக்கா போடுங்க," என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போட்டார். ஜன்னலுக்குள் தலையை நுழைத்துப் பார்த்தேன். மீட்டரில் எல்லா விளக்கும் எரிந்தன. சிவப்பில் அந்த ஒன்றைத் தவிர.

"கீழ எறங்கு சாமி," என்றேன் மகளிடம்.